தூசித் திரைக்குப் பின்னால்

2015ஆம் ஆண்டு நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவன். அவ்வாண்டின் புகைமூட்டத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். பள்ளிக்கு விடுமுறை என்ற மகிழ்ச்சி ஒரு புறம் இருக்க, வாசலில் நின்றால் எதிர்வீட்டுக் கூரைகூட மங்கலாகத்தான் தெரிந்தது. மாலையில் சூரியன் மட்டும் செக்கச் சிவந்த வட்டமாய்த் தொங்கியது. ஏன் சிவப்பு? புகைத்துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. அலைநீளம் கூடிய சிவப்பு ஒளியோ பெருமளவு தப்பி நம் கண்ணை வந்தடைகிறது. அப்படியானால், சிவப்பையும் தாண்டிய ஒளி இன்னும் எளிதாகத் தப்பி வரும் அல்லவா? 1800இல் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானியை வைத்துக் கண்டுபிடித்த அந்த ஒளியைத்தான் நாம் அகச்சிவப்பு என்கிறோம். இடைநிலைப்பள்ளியில் எனக்கு அது 'சினாரான் இன்ஃப்ராமேரா'வாகத்தான் அறிமுகமானது. தமிழ்ப் பெயரைப் பின்னர்தான் அறிந்தேன்.

இனி விண்வெளிக்குச் செல்வோம். 1943இல் கார்ல் சேஃபர்ட் என்ற அமெரிக்க வானியலாளர், மையம் மட்டும் அளவுக்கு மீறி ஒளிரும் சில விண்மீன் மண்டலங்களை ஆராய்ந்து எழுதினார். அவற்றுள் ஒன்று, சுமார் 4 கோடியே 70 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ள என்ஜிசி 1068. மெசியர் 77 என்றாலும் அதுவே. இத்தகைய மண்டலங்களின் நடுவில் ஒரு மாபெரும் கருந்துளை இருக்கிறது. அதில் விழப்போகும் வாயு சுழன்று சூடேறி ஒளிர்கிறது.

பிற்காலத்தில் இவற்றை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில், கருந்துளைக்கு அருகே நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும் வாயுவின் அடையாளம் நிறமாலையில் அகன்ற கோடுகளாகத் தெரியும். இரண்டாம் வகையில் அந்த அகன்ற கோடுகள் இல்லை. என்ஜிசி 1068 இரண்டாம் வகை. இவை உண்மையிலேயே இரண்டு இனங்களா, அல்லது நாம் பார்க்கும் பக்கம்தான் வேறா? சேஃபர்ட் மண்டலங்களைப் பற்றிய கேள்விகளில் இதைவிடச் சுவையான ஒன்று இல்லை என்பேன்.

1985இல் ராபர்ட் அன்டொனுச்சியும் ஜோசஃப் மில்லரும் ஒரு விடை தந்தார்கள். அறைக்கதவு நமக்கு மறைவாக இருந்தாலும், உள்ளே எரியும் விளக்கின் வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டுத் தெரியும் அல்லவா? அதுபோல, என்ஜிசி 1068இன் மையத்திற்கு வெளியே உள்ள வாயுவில் பட்டுத் திரும்பி வரும் ஒளியை மட்டும் பிரித்தெடுத்தார்கள். அதில் அகன்ற கோடுகள் இருந்தன! ஆகவே இது மறைக்கப்பட்ட முதல் வகைதான். மையத்தைச் சுற்றி வடை வடிவில் தடித்த தூசி வளையம் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஓட்டை வழியாக உள்ளே தெரியும், பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

ஆனால் வடையை யாரும் கண்ணால் கண்டதில்லை. இங்கேதான் அகச்சிவப்பு உதவிக்கு வருகிறது, அதுவும் இரண்டு விதமாக. முதலாவது, 2.2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் தூசியின் மறைப்பு கண்ணுறு ஒளியில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். இரண்டாவது இன்னும் முக்கியம். தூசி ஒளியை விழுங்கினால் அந்த ஆற்றல் எங்கே போகும்? தூசி சூடேறித் தானே அகச்சிவப்பில் ஒளிரும். மறைத்த திரையே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. சுமார் 1500 கெல்வினுக்கு மேல் போனால் தூசித்துகள் ஆவியாகிவிடும் என்பதால், அந்த வெப்பநிலை உள்ள இடம்தான் தூசியின் உள்விளிம்பு. ஆனாலும் அகச்சிவப்பு எல்லாவற்றையும் ஊடுருவிவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். மணலுக்கு உறவான சிலிக்கேட் துகள்கள் 9.7 மைக்ரோமீட்டர் அருகே ஒளியை நன்றாகவே விழுங்குகின்றன.

வேறு சிக்கல்களும் உண்டு. பத்து மைக்ரோமீட்டர் அளவில் வானமும் ஒளிர்கிறது, தொலைநோக்கியும் ஒளிர்கிறது. பட்டப்பகலில் நட்சத்திரம் தேடுவது போன்ற வேலை இது. காற்றிலுள்ள நீராவி வேறு தடுக்கிறது. அதனால்தான் சிலியின் வறண்ட பாலைவனத்தில், 2,635 மீட்டர் உயரமுள்ள பரனால் மலையை நாடினார்கள். அங்குள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கிகள் நான்கின் ஒளியை ஒன்றிணைத்தால், சுமார் 130 மீட்டர் அகலமுள்ள தொலைநோக்கிக்கு இணையான நுண்மை கிட்டும்.

2004இல் வால்டர் ஜாஃபே குழுவினர் அவற்றுள் இரண்டை இணைத்து என்ஜிசி 1068ஐ நோக்கினர். 800 கெல்வினுக்கு மேல் சூடான சிறு பகுதியும், அதைச் சூழ்ந்து 320 கெல்வினில் ஏறக்குறைய ஏழுக்குப் பதினோரு ஒளியாண்டு அளவுள்ள பகுதியும் தெரிந்தன. 320 கெல்வின் என்பது 47 பாகை செல்சியஸ், அதாவது வெயிலில் நிறுத்திய காரின் உட்புறச் சூடு. அளவோ, கோலாலம்பூரில் நின்றுகொண்டு தாப்பாவில் ஒருவர் காட்டும் ஐம்பது சென் காசைப் பார்ப்பது போன்றது!

வடை கிடைத்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். 2020இல் கிராவிட்டி கருவிக் குழு, நான்கு தொலைநோக்கிகளையும் இணைத்து 2.2 மைக்ரோமீட்டரில் பார்த்தது. முக்கால் ஒளியாண்டு ஆரமுள்ள மெல்லிய வளையத்தையே கண்டதாகவும், தடித்த வடைக்கு அது பொருந்தவில்லை என்றும் அறிவித்தது. 2022இல் மாட்டிஸ் கருவியைக் கொண்டு வியோலெட்டா காமெஸ் ரோசாஸ் குழுவினர் 3 முதல் 13 மைக்ரோமீட்டர் வரை அளந்து, எந்த இடத்தில் தூசி எவ்வளவு சூடு என்று வரைபடமே தயாரித்தனர். அதன்படி கருந்துளை அந்த வளையத்தின் நடுவில் இல்லை. சற்றுத் தள்ளி, அடர்ந்த தூசிக்குப் பின்னால் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு விடைக்கு மீண்டும் வலுக் கிடைத்தது. ஒரே மண்டலம், ஒரே மலை, இரண்டு ஆண்டு இடைவெளி, இரண்டு முடிவுகள். பாடநூலில் ஒரே ஒரு படமாக இதைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு இது பெரிய வியப்பு. மாட்டிஸ் குழுவின் விளக்கமே எனக்குக் கூடுதல் நம்பிக்கை தருகிறது. ஒரே அலைநீளத்தை நம்பி நிற்காமல் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அவர்கள்.

இருப்பினும் வடை முழுமையாகத் தப்பிவிடவில்லை. அண்மையிலுள்ள பல மண்டலங்களில், பத்து மைக்ரோமீட்டர் அளவில் ஒளிரும் தூசியின் பெரும்பகுதி வளையத்தில் அல்லாமல் அதன் மேலும் கீழும், ஓட்டையின் திசையில் நீண்டு கிடப்பது தெரிய வந்துள்ளது. மைய ஒளியின் அழுத்தமே தூசியைக் காற்றுபோல் வெளியே தள்ளுகிறது என்பது ஒரு விளக்கம். அதன்படி திரை அசையாமல் நிற்பதல்ல. உள்ளே எரியும் விளக்கே அதை ஓயாமல் ஊதிக் கலைத்துக்கொண்டிருக்கிறது.