அடுத்த அமாவாசை வரை: எதிர்பார்ப்பின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

கார்த்திகை தீபத்துக்கு ஒரு மாதம் முன்பே வட மாவட்டக் கிராமங்களில் பிள்ளைகள் பனந்தோப்புப் பக்கம் சுற்றத் தொடங்கிவிடுவார்கள். ஆண் பனையின் காய்ந்த பூவைப் பொறுக்கிச் சேர்ப்பது, குழி வெட்டி அதைப் போட்டுக் கொளுத்துவது, எரிந்து முடிவதற்குள் மண்ணைப் போட்டு மூடிக் கரியாக்குவது, கரியை நன்றாக இடித்துப் பொடித்துப் பழந்துணியில் இறுக்கிச் சுருட்டிக் கட்டுவது, அதைப் பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கயிறு கட்டுவது என்று அத்தனை வேலை. தீபத்தன்று இருட்டியதும் நெருப்பு வைத்துத் தலைக்கு மேல் சுற்றினால் பொறிகள் வட்டமாகக் கொட்டும். அதுதான் மாவளி. சுற்றுவது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக ஒரு மாத வேலை.

அந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். மாவளியின் சந்தோஷம் தீபத்தன்று மட்டும் இருக்கிறதா, அல்லது பூ பொறுக்கப் போன முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறதா? இரண்டாவதுதான் உண்மை என்றால், ‘எதிர்பார்த்திருத்தல்’ என்பது மகிழ்ச்சிக்கு முந்தைய வெறும் காத்திருப்பு ஆகாது. அதுவும் மகிழ்ச்சியின் ஒரு வடிவம்தான். இதை ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: யாருக்கெல்லாம் எதிர்பார்க்க ஏதாவது இருக்கிறது? யாருக்கு இல்லை? ஏன் இல்லை?

வார இதழ்களின் இணைப்புப் பக்கங்களில் இதற்கு எளிமையான பதில் கிடைக்கும். ஆண்டின் தொடக்கத்திலேயே மாதத்துக்கு ஒரு சின்ன சந்தோஷத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சினிமா, ஒரு சிறு பயணம், பிடித்த சாப்பாடு. மனம் லேசாக இருக்கும் என்பார்கள். நம்மைப் போன்றவர்கள் இதை நடுத்தர வர்க்கச் சமாச்சாரம் என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்த அலட்சியத்தைக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். அறிவுரையில் பிழையில்லை. அது யாரை முன்னிறுத்திப் பேசுகிறது என்பதில்தான் பிழை. அடுத்த மாதச் சம்பளம் உறுதியாக வரும், விடுமுறை கேட்டால் கிடைக்கும் என்றிருக்கிற ஒரு தனி மனிதரை எல்லா மனிதருமாக்கிவிட்டு அது பேசுகிறது.

அல்ஜீரியாவில் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆய்வு செய்த பியர் பூர்தியு இது தொடர்பாக முக்கியமான ஒன்றைக் கவனித்தார். நிலையான வேலையும் குறைந்தபட்சப் பாதுகாப்பும் இல்லாதவர்களால் எதிர்காலத்தைத் திட்டமிட முடிவதில்லை. அவர்களுடைய ஆசைகள் நடக்கவே முடியாத கனவுகளாக இருக்கின்றன, அல்லது இன்றைய கஞ்சியோடு நின்றுவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவில், ‘வருகிற மாசம் இதைச் செய்வோம்’ என்று கணக்குப் போடுகிற இடம் அவர்களிடமிருந்து பறிபோயிருக்கிறது. ஆக, எதிர்பார்ப்பு மனநிலை சார்ந்த ஒன்று என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது சரியில்லை. நிலம், கூலி, ஓய்வு போல அதுவும் சமூகத்தில் பங்கீடு செய்யப்பட்டிருக்கிறது.

2

செஞ்சி வட்டாரத்தில் இந்தப் பங்கீட்டைக் கல்லிலேயே பார்க்கலாம். தொண்டூரில் சமண முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள் இருக்கின்றன, தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அதே ஊரில் பாறையில் செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாளும் உண்டு. செஞ்சிக்குப் பக்கத்துத் திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தி கல்லில் பதிவாகியிருக்கிறது. முனிவர் படுத்ததும் கடவுள் படுத்ததும் ஒருவர் உண்ணாமல் இருந்ததும் நமக்குத் தெரிகிறது. அந்த ஊர்களின் ஏரிக்கீழ் நிலங்களில் உழைத்தவர்கள் எப்போது படுத்தார்கள், எந்த நாளில் வயிறாரச் சாப்பிட்டார்கள் என்பதைச் சொல்ல எந்தக் கல்லும் இல்லை.

கோயில் கல்வெட்டுகள் இன்னொரு விஷயத்தைச் சொல்கின்றன. அரசன் பிறந்த நட்சத்திரத்தில் விழா எடுக்க, அன்று அமுது படைக்க, விளக்கெரிக்க என்று நிலமும் பொன்னும் ஆடும் எழுதிவைத்தார்கள். ராசராசனின் சதயவிழா நாம் எல்லோரும் அறிந்தது. சந்திரரும் சூரியரும் உள்ளவரை இந்த நாள் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்று கல்லில் வெட்டினார்கள். ஆண்டுதோறும் வரப்போகும் ஒரு மகிழ்ச்சியைத் திட்டமிடுவதில் இதைவிடப் பெரிய ஏற்பாடு கிடையாது. அதிகாரம் உள்ளவர்கள் தங்கள் கொண்டாட்டத்துக்கு முடிவற்ற காலத்தையே முன்பதிவு செய்தார்கள். அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்தவரின் காலம் அடுத்த அறுவடையைத் தாண்டவில்லை.

பண்ணையாட்களுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை கிடைக்கும். அதையும் எதிர்பார்த்திருந்தார்கள். ஆனால் அந்த எதிர்பார்ப்பே ஒரு கட்டு. எப்போது, எவ்வளவு என்பதை ஆண்டை தீர்மானிப்பார். வாங்குபவர் கைகட்டி நிற்பார். மகிழ்ச்சியைக் கொடுப்பவர் ஒருவராகவும் காத்திருப்பவர் இன்னொருவராகவும் இருக்கும்போது காத்திருப்பு அடிமைத்தனத்தின் பகுதியாகிவிடுகிறது. நலத்திட்ட அரசியலில் பொங்கல் பரிசுத் தொகைக்காக ரேஷன் கடை வரிசையில் நிற்பதை இதோடு அப்படியே சமப்படுத்த மாட்டேன். அது வரிப்பணம், உரிமை. ஆனால் 2021இல் 2500 ரூபாய் என்று அறிவித்தபோதும் வேறு ஆண்டுகளில் வேறு தொகை அறிவித்தபோதும் ‘இந்த வருசம் எவ்ளோ தருவாங்க?’ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம். எவ்வளவு என்று முடிவு செய்கிற இடத்தில் நாம் இல்லை.

3

மக்கள் தாங்களே அமைத்துக்கொண்ட ஏற்பாடுகள் வேறு வகையானவை. இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது கூத்து. செஞ்சி வட்டாரம் திரௌபதி வழிபாட்டின் மையப் பகுதி. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988லும் 1991லும் வெளியிட்ட இரண்டு பெரிய தொகுதிகள் இந்தப் பகுதியிலிருந்தே கிளம்புகின்றன. பெரும்பாலும் பங்குனி, சித்திரை தொடங்கி ஆடி வரைக்கும் ஊர் ஊராகப் பாரதம் நடக்கிறது. நெல் அறுப்பு முடிந்து கையில் கொஞ்சம் தானியமும் காசும் இருக்கும், வயலில் வேலை குறைந்திருக்கும் காலம் அது. ஊர் கூடி முடிவெடுக்கிறது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறார்கள். வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்துக் கூத்துக் குழுவை ஒப்பந்தம் செய்கிறார்கள். கொடியேற்றிக் காப்புக் கட்டியபின், பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் நாள் ஒன்று. களிமண்ணில் துரியோதனன் கிடக்கும் படுகளம் ஒன்று. அன்று மாலை தீமிதி. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்த கதையின் அடுத்த இரவுக்காகத்தான் ஊரே காத்திருக்கிறது. ‘நாளைக்கி துகிலு, சீக்கிரமா சோத்த ஆக்கிட்டு வந்துடு’ என்று தெருவில் கேட்கும் ஒரு வாக்கியத்தில் எதிர்பார்ப்பின் முழு இலக்கணமும் இருக்கிறது.

இதோடு சேர்த்து மேல்மலையனூரையும் சொல்ல வேண்டும். மாசியில் மயானக் கொள்ளை ஆண்டுக்கு ஒருமுறை. ஆனால் ஒவ்வொரு அமாவாசை நள்ளிரவிலும் அங்காளம்மனுக்கு ஊஞ்சல். மாதம் முழுக்கக் கூலி வேலை செய்துவிட்டு, அமாவாசைக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு பேருந்து ஏறும் பெண்களைப் பக்தி என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட முடியாது. வீட்டைவிட்டு வெளியே இரவு முழுக்க விழித்திருக்க, பெண்களோடு பெண்களாக உட்கார்ந்து பேசிச் சிரிக்க, அவர்களுக்குச் சமூகம் அனுமதித்திருக்கும் மிகச்சில இரவுகளில் அது ஒன்று.

இரண்டாவது சீட்டு. தீபாவளிச் சீட்டு, பலகாரச் சீட்டு என்று தெருவுக்குத் தெரு பெண்கள் நடத்துகிறார்கள். மாதம் நூறோ இருநூறோ கட்டினால் பண்டிகைக்கு முன் மாவு, எண்ணெய், சர்க்கரை, பட்டாசு, ஒரு எவர்சில்வர் பாத்திரம். வட்டிக் கணக்குப் பார்த்தால் இதில் லாபம் கிடையாது. ஆனால் இந்தப் பணத்தைக் கணவன் குடிக்க எடுக்க முடியாது, வைத்தியச் செலவு விழுங்க முடியாது, ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று தள்ள முடியாது. பண்டிகையை மற்ற அவசரங்களிடமிருந்து காப்பாற்றி வைக்கும் பூட்டு அது. குறிப்பேட்டில் மாதாமாதம் விழும் ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு முறுக்கின் முன்பதிவு. சீட்டு நிதிகளுக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டமும், ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. ஆனாலும் வட மாவட்டங்களில் தீபாவளிச் சீட்டு பெரிய வியாபாரமாகிப் பல பேருடைய காசோடு நடத்துபவர்கள் ஓடிப்போவதையும் அண்மை ஆண்டுகளில் பார்த்தோம். அப்போது போனது பணம் மட்டுமில்லை. பத்து மாதம் மனசுக்குள் கட்டி வைத்திருந்த ஒரு நாளும் சேர்ந்து போயிற்று. காவல்நிலையப் புகாரில் இந்த இரண்டாவது இழப்பை எழுத இடமில்லை.

4

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. பக்தினைப் படித்த உற்சாகத்தில் நாம் கொண்டாட்டம் என்றாலே கலகம், தலைகீழாக்கம் என்று எழுதிக்கொண்டே போனோம். திருவிழா அதிகாரத்தைத் தலைகீழாக்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் திருவிழாவின் வாசலில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்பதைப் போதுமான அளவு கேட்கவில்லை. இதே விழுப்புரம் மாவட்டத்தின் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 திருவிழாவின்போது போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு ஜூன் 7ஆம் தேதி கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தது நிர்வாகம். நீதிமன்ற உத்தரவால் 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் தலித்துகள் உள்ளே போய் வழிபட முடிந்தது.

ஒரு கூட்டு எதிர்பார்ப்பு எப்படி இயங்குகிறது என்பதை மேல்பாதி காட்டுகிறது. ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற சொற்றொடரில் ‘நம்ம’ என்பதன் எல்லையைச் சாதி வரைகிறது. பக்கத்துத் தெருவில் மேளம் கேட்கிறது, வெளிச்சம் தெரிகிறது, ஆனால் அது உனக்கில்லை என்று சொல்லப்படும் குழந்தைக்கு அந்த நாள் எப்படி வந்துசேரும்? அதை எண்ணி அந்தக் குழந்தை நாட்களைக் கழிக்காது. அந்த நாள் சீக்கிரம் கடந்துபோனால் போதும் என்றிருக்கும். ஆகவே கோயில் நுழைவை வழிபாட்டு உரிமையாக மட்டும் பார்ப்பது குறைபாடானது. ஊரின் நாட்காட்டியில் பங்கு கேட்கும் போராட்டமும் அதற்குள் இருக்கிறது.

5

கடைசியாக நமக்கு வருவோம். இயக்கத்தில் இருக்கிறவர்களின் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். டிசம்பர் 25 வெண்மணி. ஜூலை 23 தாமிரபரணி. இன்னும் எத்தனையோ துப்பாக்கிச்சூடுகள், வீரவணக்க நாட்கள். இவற்றை மறக்கச் சொல்லவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் ஆண்டு முழுக்கச் சாவுகளால் மட்டுமே குறிக்கப்பட்ட ஒரு நாட்காட்டியோடு எத்தனை வருடம் ஒருவர் உள்ளே இருக்க முடியும்? இளைஞர்கள் ஓரிரு வருடத்தில் சத்தமில்லாமல் விலகிப்போவதைக் கொள்கைச் சரிவு என்று சொல்லிவிடுகிறோம். அவர்கள் அடுத்த மாதத்தில் எதிர்பார்க்க நாம் எதையும் வைத்திருக்கவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும்.

இது தொழிலாளர் இயக்கத்துக்குப் புதிய விஷயமல்ல. எட்டு மணி நேர வேலை கேட்ட முழக்கத்தில் எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம் போக மூன்றாவது எட்டு ஒன்று இருந்தது, நாங்கள் விரும்பியதைச் செய்ய என்று. மார்க்சின் மருமகன் பால் லஃபார்க் 1880இலேயே சோம்பலாக இருக்கும் உரிமைக்காக எழுதினார். சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினத்தைக் கொண்டாடினார். சம்பளத்தோடு ஆண்டுக்கு ஒன்பது நாள் தேசிய, பண்டிகை விடுமுறைகளை உறுதி செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1958ஆம் ஆண்டுக்கு உரியது. தொழிற்சாலைகளில் வேலை நாளைப் பன்னிரண்டு மணி நேரமாக்க வழிவிட்ட திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் அந்த மே தினத்தன்றே திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் மல்லாட்டை பிடுங்கும் கூலிப் பெண்ணுக்கு அந்த 1958 சட்டம் இல்லை. வேலைக்குப் போகாத நாள் அவருக்குக் கூலியில்லாத நாள். ஒரு திருவிழாவுக்கு அவர் கொடுக்கும் விலையில் அன்றைய கூலியும் சேர்ந்திருக்கிறது. விவசாயத் தொழிலாளர்களுக்குக் கூலியோடு விடுமுறை என்ற கோரிக்கையை நம் சங்கங்கள் ஏன் உரக்க எழுப்புவதில்லை?

அது வரும்வரை சும்மாயிருக்க வேண்டியதில்லை. பெரிய செலவில்லாமல் ஒரு ஆண்டை நிரப்ப இந்த வட்டாரத்திலேயே போதுமானது உண்டு. தையில் காணும் பொங்கலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செஞ்சிக் கோட்டை ஏறலாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தேசிங்கு கதையோடு, அந்த மலைமேல் கல் சுமந்தவர்களின் கதையையும் அங்கே சொல்லலாம். அதே மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா. சித்திரையில் ஒரு முழு இரவு கூத்து, பாதியில் எழுந்து வராமல். அறுவடைக் காலத்தில் புது மல்லாட்டை அவித்து வைத்துக்கொண்டு ஒரு வாசிப்புக் கூட்டம். கார்த்திகையில் மாவளி. இவற்றில் யாரும் வாசலில் நிறுத்தப்படக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. அந்த நிபந்தனையோடு செய்தாலே இது வார இதழ் அறிவுரையிலிருந்து விலகி வந்துவிடும். தேதியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், எல்லோரும் கூடி முடிவுசெய்ய வேண்டும், செலவைத் தலைக்கட்டு வரிபோல் அவரவர் சக்திக்கேற்பப் பகிர வேண்டும், கூலிக்காரர் வரக்கூடிய நேரமாக இருக்க வேண்டும்.

பட்டாசு மலிவாகக் கிடைப்பதால் மாவளி சுற்றும் ஊர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பட்டாசை வாங்கிய அன்றே வெடித்துவிடலாம். மாவளிக்கு ஒரு மாதம் வேண்டும், கூடச் சேர நாலு பேர் வேண்டும், இடிக்க ஒரு உரல் வேண்டும், பூ எடுக்க யாரும் விரட்டாத ஒரு பனைமரம் வேண்டும். நம் கோரிக்கைப் பட்டியலில் இவையும் சேர வேண்டியவை என்றே நினைக்கிறேன்.