போர்டு, பலகை, வாரியம்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், அந்தச் சொல் காதில் விழுந்துவிடும். “போர்டுல என்னா போட்டிருக்குது, பாரு தம்பி” என்றார் ஒரு பாட்டி. வந்தவாசி என்று படித்துச் சொன்னேன். “அது வேணாம்பா, எனக்குச் செங்கல்பட்டு” என்று கூடையைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டார்.

பாட்டிக்குப் போர்டு என்றால் பேருந்தின் நெற்றியில் இருக்கும் பெயர். பத்தாவது படிக்கும் பேத்திக்குப் போர்டு என்றால் பரீட்சை. பள்ளியை மாற்றலாமா என்று யோசிக்கும் அப்பாவுக்கு அது ஸ்டேட் போர்டா, சென்ட்ரல் போர்டா என்ற கேள்வி. வாடகைக் காருக்கு மஞ்சள் போர்டு. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய காரை வாடகைக்கு ஓட்டினால் அது ‘ஓன் போர்டு’ வண்டி. திண்ணையில் கேரம் போர்டு, சுவரில் சுவிட்ச் போர்டு, கல்யாணம் என்றால் முச்சந்தியில் பிளக்ஸ் போர்டு. கரண்ட் போனால் ‘ஈ.பி.’க்குப் போன் போடுகிறோமே, அந்தப் ‘பி’யும் போர்டுதான்.

ஆங்கிலத்தில் இதற்கு முதல் பொருள் வெறும் மரப்பலகை. பலகையைக் கால்மேல் நிறுத்தினால் மேசை. மேசையில் சாப்பாடு பரிமாறியதால் சாப்பாட்டுக்கும் அதே பெயர். நம் ஊர் விடுதிகளில் ‘போர்டிங், லாட்ஜிங்’ என்று எழுதியிருப்பது அந்தச் சாப்பாடுதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்தவர்களும் போர்டு ஆனார்கள். பலகை மன்றமாகும் இந்த விந்தை நமக்குப் புதிதல்ல. மதுரைப் புலவர்கள் ஏறி அமர்ந்ததாகச் சொல்லும் சங்கப்பலகையும் பலகைதானே!

நம் கிராமங்களுக்குள் இந்தச் சொல் ஆட்சியாகவே நுழைந்தது. 1884-ல் சென்னை மாகாணத்தில் லோக்கல் போர்டு சட்டம் வந்தது. 1920-ல் புதிய சட்டம். ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று அமைத்து, ரோடும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அவற்றின் பொறுப்பில் விட்டார்கள். “நான் போர்டு ஹைஸ்கூல்ல படிச்சவன்” என்று பெருமையோடு சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1958-ன் பஞ்சாயத்துச் சட்டத்தோடு ஜில்லா போர்டின் காலம் முடிந்தது. பெயர் மட்டும் போகவில்லை. ஊராட்சி என்று அரசாங்கம் எத்தனை முறை எழுதினாலும் ஊரில் பலருக்கு அது இன்றும் பஞ்சாயத்து போர்டுதான்.

பேருந்து நிலையத்தை விட்டு ஊருக்குள் போனால் வைகுண்டப் பெருமாள் கோயில். முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921 ஆகிய ஆண்டுகளில், இந்த ஊர்ச் சபை எடுத்த முடிவுகள் அங்கே கல்லில் இருக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. இன்றைய பேச்சில் வார்டு. தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் போட்டார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்துக் கொடுக்க, ஊர் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். மூடிய கைக்குள் ஓலை மாறிவிடலாம் அல்லவா? அதற்காகவே இந்த விதி. விரிந்த அந்தக் கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இப்படிக் குடும்புக்கு ஒருவராக வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனி. பதவி 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருடைய பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை.

குறையையும் சொல்லவேண்டும். அது நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர்களின் சபை. பெண்களுக்கும் வயலில் உழைத்தவர்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. இன்று உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. அந்த வகையில் நாம் எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம்.

ஆட்சித்தமிழ் வந்தபோது போர்டுக்கு நிலைத்த பெயர் வாரியம்: மின்சார வாரியம், வீட்டுவசதி வாரியம், குடிநீர் வாரியம். இலங்கைத் தமிழர்கள் இதையே மின்சார சபை என்கிறார்கள். சபை, வாரியம் இரண்டுமே உத்திரமேரூர்ச் சுவரில் இருக்கும் சொற்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பில் ‘ஸ்கீம்’ என்று சொல்ல, அது வாரியமா வேறொன்றா என்று தமிழ்நாடே கொதித்தது. “மேலாண்மை வாரியம் வேண்டும்” என்று விவசாயிகள் தெருவில் நின்றார்கள். கடைசியில் வந்தது ஆணையம்.

வாரியம் என்ற பழைய சொல் திரும்பி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அன்றைய ஏரி வாரியம், வீடு தெரிந்த ஆறு பேர். மடை உடைந்தால் அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இன்றைய வாரியம் எங்கோ நகரத்தில் ஒரு கட்டடம். வைரமேகத் தடாகம் என்று கல்வெட்டு சொல்லும் ஏரி இன்றும் இங்கே இருக்கிறது. அதைப் பார்க்க ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் இல்லை, அரசுத் துறை இருக்கிறது. துறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏரி நம்முடையது என்ற எண்ணமும் அந்தப் பழைய வாரியத்தோடு போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம்.

போர்டுகளில் ஒன்றை மட்டும் நாம் நின்று படிப்பதே இல்லை. கிராம சபை கூடும் நாளில் ஊராட்சியின் வரவு செலவை எழுதி வைக்கவேண்டும் என்பது அரசு விதி. பிளக்ஸில் அச்சடித்துக் கட்டுகிறார்கள். சுற்றுக் கிராமத்துக்காரர்களே, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் அந்தச் சபை கூடுகிறது. அன்றைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிப் போங்கள். அந்தப் போர்டைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். புரியாத தொகை இருந்தால், எழுந்து கேளுங்கள்.