ஒட்டகத்தோட தலைக்கு எதுக்கு சிடி ஸ்கேன்?

ராஜஸ்தானில் இனச்சேர்க்கைக் காலம் வந்தாலே ஆண் ஒட்டகங்கள் ஒன்றையொன்று கடித்துச் சண்டை போடும். இதில் கீழ்த்தாடை உடைந்தால் தீவனம் மெல்ல முடியாது, அசைபோடவும் முடியாது.

எக்ஸ்ரே போதாதா?

எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். சிடி ஸ்கேன் தலையை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும். விரிசல், பல்வேர், சைனஸ் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். மூளை, தசைகளைப் பார்க்க எம்ஆர்ஐ.

நல்லா இருக்கிற ஒட்டகத்துக்கும் ஸ்கேன் ஏன்?

ஆண் ஒட்டகம் வாய்க்கு வெளியே தள்ளும் 'துல்லா' மென் அண்ணத்தின் பைதான். தெரியாதவர் கட்டி என்றே நினைப்பார். இயல்பு எதுன்னு தெரிந்தால்தான் நோய் எதுன்னு புரியும்.

இந்தியாவில் 2012-ல் சுமார் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள், 2019-ல் 2.5 லட்சமாகக் குறைந்துவிட்டன. அதனால் ஒவ்வொன்றின் சிகிச்சையும் முக்கியம்.