வரி நிலுவைக்கு ஏலம் போகும் வீடுகள்: அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர் சிலருக்கு ஓர் ஆசை உண்டு: "வரி ஏலத்தில வீடொண்டு மலிவா எடுக்கலாம், வழக்கு வந்தா நானே பேசிக்கொள்ளுவன், சட்டத்தரணிக்கு ஏன் காசு?" இரண்டுமே சட்டப்படி ஏலும். ஆனால் இரண்டும் சேருமிடம் அவ்வளவு லேசானதல்ல.

அங்கே ஆதன வரியைக் கவுண்டி என்னும் உள்ளூராட்சி நிர்வாகம் அறவிடுகிறது. வரி நிலுவையானால் சில மாநிலங்கள் அந்தக் கடனை விற்கின்றன. வாங்குபவர் வரியைக் கட்டிவிட்டு, வீட்டுக்காரர் மீட்கும்போது வட்டியோடு பெறுவார். புளோரிடாவில் அது 18 வீதம் வரை போகலாம். இது வட்டிதான், வேறு பெயர் சொல்லி ஏமாற ஏலாது. வேறு மாநிலங்கள் வீட்டையே விற்கின்றன.

வீட்டை வாங்கினாலும் கிடைக்கும் உறுதி பெரும்பாலும் சுத்தமான உறுதியல்ல. உரித்தைத் தெளிவாக்க இன்னொரு வழக்குப் போட வேண்டிவரும். அங்கே முதற் கேள்வி, பழைய உரிமையாளருக்கு ஒழுங்காக அறிவித்தல் போனதா என்பதே. ஜோன்ஸ் எதிர் பிளவர்ஸ் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அர்கன்சாஸில், ஏறக்குறைய 80,000 டொலர் பெறுமதியான வீடு 21,042 டொலருக்கு விற்கப்பட்டது. உரிமையாளருக்கு அனுப்பிய பதிவுத் தபால்கள் யாரும் பொறுப்பேற்காமல் திரும்பிவந்தன. கடிதம் திரும்பியதை அறிந்த அரசு சும்மா இருந்திருக்கக் கூடாது, நியாயமான வேறு வழியையும் பார்த்திருக்க வேண்டும் என்று 2006இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஏலம் கேட்பவர் வீட்டைப் பார்க்குமுன் தபால் கோவையைப் பார்ப்பது நல்லது.

தானே வாதாடும் உரிமை 1789ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உண்டு. அப்படி வருபவரின் மனுவைத் தாராளமாக வாசிக்க வேண்டுமென 1972இல் ஹெயின்ஸ் எதிர் கேர்னர் வழக்கில் சொல்லப்பட்டது. ஆனால் காலக்கெடுவைத் தவறவிட்டால் அந்தத் தாராளம் பெரிதாக உதவாது. இன்னொன்று: பொறுப்பிலிருந்து தப்பக் கம்பனி பதிந்து வீடு வாங்குவோர் அதிகம். சமஷ்டி நீதிமன்றங்களில் கம்பனிக்காகச் சட்டத்தரணிதான் தோன்ற வேண்டும்; முதலாளி எழுந்து பேச ஏலாது. இதைப் பலர் ஏலத்துக்குப் பிறகே அறிகிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1963ஆம் ஆண்டின் கிடியன் தீர்ப்பு இலவசச் சட்டத்தரணியைத் தந்தது குற்ற வழக்குகளுக்கு. வீட்டை இழப்பவருக்கு அந்த உரிமை இல்லை. மினசோட்டாவில் ஒரு மூதாட்டியின் வரி நிலுவை சுமார் 2,300 டொலர்; வட்டியும் தண்டமும் சேர்ந்து 15,000 ஆனது. கவுண்டி வீட்டை 40,000 டொலருக்கு விற்று, மிச்சம் 25,000ஐயும் தானே வைத்துக்கொண்டது. பொதுநலச் சட்ட அமைப்பொன்று வழக்கை ஏற்றதால் அது உயர் நீதிமன்றம் வரை போனது. மிச்சத்தை எடுப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 2023இல் நீதியரசர்கள் ஏகமனதாகத் தீர்த்தபோது அவருக்கு வயது 94. நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும் பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனத்தை அறிந்தவருக்கு, இந்த ஏலங்களில் காசு போடுமுன் யோசிக்க நிறைய உண்டு.

மிச்சப் பணமும் தானாக வீடு தேடி வராது. மிச்சிகனில் வீடு பறிபோன ஆண்டின் ஜூலை 1க்குள் உரிமையாளர் படிவம் நிரப்பிக் கோரிக்கை கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தைச் சட்டத்தரணி இல்லாமலே நிரப்பலாம்.