சங்கத்தின் கதவு யாவர்க்கும் உரியது

ஏப்ரல் 15-ஆம் நாளைத் தமிழ்நாடு திருநங்கையர் தினமாகக் கொண்டாடி வருகிறது. 2008-இல் அந்நாளில்தான் திருநங்கையர் நல வாரியம் அமைக்கப்பட்டது. 2014-இல் அதே நாளில் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினத்தவராக ஏற்றுத் தீர்ப்பளித்தது.

இவற்றை அரசாங்கச் செய்தி என்று மட்டும் நாம் கருதலாகாது. 1995-இல் மான்செஸ்டர் நகரில் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி ஏற்ற கோட்பாடுகளுள் முதலாவது, பால், சமூகம், இனம், அரசியல், மதம் என்னும் வேற்றுமையின்றி அங்கத்தினரைச் சேர்க்க வேண்டும் என்பதாகும்.

ஆயினும், வீட்டாரால் விலக்கப்பட்ட திருநங்கைக்கு வாடகைக்கு இடம் கிடைப்பது அரிது. இடமின்றேல் விலாசச் சான்று இல்லை. சான்றின்றேல் பங்கும் இல்லை, கடனும் இல்லை. கடன் கிடைக்கும் நிலை வந்தாலும், ஜாமீன் நிற்க உறவினர் இல்லை. விதி தடுக்காத கதவை வழக்கம் அடைத்துவிடுகிறது.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்தி, அதை முடிந்த பின்னரே மேலே நெய்கிறார். அன்பர்களே! நம் ஊர்த் திருநங்கையர் சான்றுகள் பெற நாம் துணை நிற்போம். தகுதியுடையோர்க்கு ஜாமீன் நிற்போம். மகாசபையில் அவர்களைச் சமமாக அமரச் செய்வோம். அதுவே மெய்யான கொண்டாட்டம்.