பூனைக்கு அடிக்கடி கண் ஒட்டிக்கொள்கிறதா? ஃபிரிட்ஜில் இருக்கும் பழைய சொட்டு மருந்தைத் தொடாதீங்க!

தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் சாப்பாடு வைக்கப் போன அம்மா, “பொடிக்கு மறுபடியும் கண்ணு ஒட்டிக்கிச்சு பாரு” என்று குரல் கொடுத்தார்.

பொடி எங்கள் வீட்டுப் பூனை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் ரெண்டு கண்ணும் பீளையால் மூடிய குட்டியாகக் கிடைத்தவள். அப்போது ஒரு முறை, வீடு மாறியபோது ஒரு முறை, இப்போது மூன்றாவது முறை. ‘அதே பிரச்சினைதானே’ என்று நினைத்து, ஃபிரிட்ஜ் கதவில் இருந்த சொட்டு மருந்தை எடுத்து விட்டேன். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்தபோது கொடுத்ததில் மீதி அது.

மறுநாளே கண் சிவப்பு குறைந்தது. நிம்மதியாக ஆபீஸ் கிளம்பிவிட்டேன். நான்காம் நாள் அந்தக் கண்ணில் நீலம் கலந்த வெள்ளையாக ஒரு மூட்டம். டாக்டரிடம் ஓடினோம். மருந்து பாட்டிலைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “இதுல ஸ்டீராய்டு இருக்குன்னு தெரியுமா?”

தெரியாது. உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பூனைகளுக்குக் கண் பிரச்சினை வர நிறைய காரணங்கள் உண்டு. ஆனால், குட்டியாக இருந்தபோது சளியும் தும்மலும் கண் பீளையும் வந்து, பிறகு அவ்வப்போது அதே கண் கலங்குகிறது என்றால், டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது பூனை ஹெர்பிஸ் வைரஸைத்தான். 1958-ல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ், உலகம் முழுக்க பூனைகளிடம் சர்வ சாதாரணம்.

இது ஒருமுறை உள்ளே வந்தால் பொதுவாக வெளியே போவதில்லை. தொற்றிய பூனைகளில் குறைந்தது 80 சதவீதத்தின் உடலில், முகத்துக்குப் போகும் நரம்பு முடிச்சுக்குள் அது தூங்கிக்கொண்டே இருக்கும். பூனைக்குப் பதற்றம் கூடும்போது விழித்துக்கொள்ளும். பட்டாசுச் சத்தம், வீடு மாறுவது, பெயின்ட் அடிப்பது, புதுப் பூனை வருவது, ஊருக்குப் போகும்போது பெட் ஹாஸ்டலில் விடுவது, குட்டி போடுவது எல்லாமே காரணமாகலாம்.

இன்னொரு விஷயம்: பதற்றம் வந்த அன்றே கண் ஒட்டாது. பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான் வைரஸ் வெளியே தலைகாட்டும். அதனால்தான் தீபாவளியையும் பொடியின் கண்ணையும் நாங்கள் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை.

ஸ்டீராய்டு சொட்டு ஏன் ஆபத்து?

ஸ்டீராய்டு, வீக்கத்தையும் சிவப்பையும் சட்டென்று அடக்கும். கூடவே அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தியையும் அடக்கிவிடும். வைரஸுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கருவிழியில் ஏற்கெனவே சின்னப் புண் இருந்தால் அது ஆறாமல் ஆழமாகும். மோசமானால் கருவிழியே ஓட்டையாகலாம். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கோ ‘சிவப்பு குறைஞ்சிடுச்சு’ என்று மட்டும்தான் தெரியும்.

பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், லோட்டிபிரட்னால் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. ஆன்டிபயாட்டிக்குடன் சேர்த்தே ஒரே பாட்டிலில் வரும் என்பதால் பலர் கவனிப்பதில்லை. ஸ்டீராய்டு இல்லாத மருந்தாக இருந்தாலும், திறந்து ஒரு மாசம் ஆன பாட்டில் குப்பைக்குத்தான்.

டாக்டர் என்ன செய்வார்?

ஆரஞ்சு நிறச் சாயம் தோய்த்த ஒரு சின்னக் காகிதப் பட்டையைக் கண்ணில் தொட்டு, நீல ஒளியில் பார்ப்பார். புண் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். பொடியின் கண்ணில், மரக்கிளை பிரிவது மாதிரி ஒரு பச்சைக் கோடும், அதை ஒட்டி ஒரு பெரிய பச்சைத் திட்டும் தெரிந்தன. அந்தக் கிளைக்கோடு ஹெர்பிஸ் வைரஸின் கையெழுத்து மாதிரி. சில நிமிஷத்தில் முடிகிற சோதனைதான். ‘போன தடவை வந்த அதேதான்’ என்று நமக்குத் தோன்றினாலும், ஒவ்வொரு முறையும் இதைச் செய்து பார்ப்பதுதான் பாதுகாப்பு.

லேசான பாதிப்பு தானாகவே அடங்கும். புண் இருந்தால் வைரஸுக்கு எதிரான மருந்து தேவைப்படும். பூனைகளுக்கு வாய்வழியாகக் கொடுப்பது ஃபாம்சிக்ளோவிர். மனிதர்களுக்கான அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் மாத்திரைகளை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் எலும்பு மஜ்ஜையையும் சிறுநீரகத்தையும் அவை பாதிக்கும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

‘லைசின் பவுடர் வாங்கிக் கொடுங்க’ என்று சோஷியல் மீடியாவில் நிறைய பேர் சொல்வார்கள். அதுவரை நடந்த ஆய்வுகளை அலசிய 2015-ம் ஆண்டு கட்டுரை ஒன்று, அதனால் பலன் இருப்பதாக ஆதாரம் இல்லை, நிறுத்திவிடலாம் என்றே சொன்னது.

எல்லாமே ஹெர்பிஸ்தானா?

இல்லை. கிளமைடியா என்ற பாக்டீரியாவும் கண்ணை வீங்க வைக்கும். அதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும். தட்டை முகம் கொண்ட பெர்சியன் பூனைகளுக்கு, கண்ணீர்க் குழாயின் அமைப்பாலேயே கண்ணில் நீர் வழிந்துகொண்டிருக்கும். சில பூனைகளுக்கு இமை உள்பக்கம் மடங்கி, முடி கருவிழியை உரசும். வயதான பூனையின் கண்மணி திடீரென்று விரிந்து, முட்டி மோதி நடந்தால் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு என்பதால்தான் பழைய பாட்டில் உதவாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, பீளையை ஊற வைத்துத் துடையுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. டீ டிகாஷன், பால், மஞ்சள் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

* சொட்டு மருந்து விடும்போது பூனையைத் துண்டில் சுற்றி, முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி மடியில் வையுங்கள். பின்னாலிருந்து கையைக் கொண்டுவந்தால் அவ்வளவாக மிரளாது. ரெண்டு மருந்து என்றால் இடையில் 5 நிமிஷம் விடுங்கள், ஆயின்மென்ட் கடைசியில்.

* ‘ஒரு நாளைக்கு ஆறு வேளை’ என்று டாக்டர் சொன்னால், ஆபீஸ் நேரத்தில் முடியாது என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். வேளை குறைவான மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார். வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்து, பாதியில் விடுவதுதான் மோசம்.

* தினமும் ஒரே வெளிச்சத்தில் கண்ணை போட்டோ எடுங்கள். அந்த வாரம் வீட்டில் என்ன மாறியது என்றும் குறித்து வையுங்கள்.

* அடுத்த தீபாவளிக்கு முன்பே, சத்தம் குறைவான அறையில் அட்டைப்பெட்டி, பழைய துணி, தண்ணீர், மண் தட்டு வைத்துப் பழக்கிவிடுங்கள்.

* வேறு பூனைகள் இருந்தால் தட்டும் துணியும் தனித்தனியாக இருக்கட்டும். இந்த வைரஸ் மனிதர்களுக்குத் தொற்றாது. ஆனால் உங்கள் கை வழியாக இன்னொரு பூனைக்குப் போகும். சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

* தடுப்பூசி, தொற்றை முழுசாகத் தடுக்காது. வந்தாலும் கடுமையாகாமல் பார்த்துக்கொள்ளும். விடாமல் போடுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

கண்ணைத் திறக்காமல் இடுக்கிக்கொண்டே இருப்பது, கருவிழியில் வெள்ளை அல்லது நீல மூட்டம், கறுப்புத் திட்டு, மூக்குப் பக்கத்து மூன்றாவது இமை பாதிக் கண்ணை மூடியிருப்பது, ரெண்டு கண்மணியும் வேறு வேறு அளவில் தெரிவது, சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் ‘வீக்எண்டில் பார்த்துக்கலாம்’ என்று தள்ளாதீர்கள்.

பொடிக்கு மூன்று வாரம் மருந்து ஓடியது. பார்வை தப்பியது. ஆனால் இடது கண்ணில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு அப்படியே நிற்கிறது. “இது இனி போகாது. வைரஸும் உள்ளேதான் இருக்கும். அடுத்த முறை முதல் நாளே வந்துடுங்க, அது போதும்” என்றார் டாக்டர்.

ஃபிரிட்ஜ் கதவில் இப்போது பழைய பாட்டில் எதுவும் இல்லை. அந்த இடத்தில் டாக்டரின் போன் நம்பரை ஒட்டி வைத்திருக்கிறோம்.