மெயில் பாதிப் பேருக்கு மட்டும் போகலைன்னா எங்கே தேடுறது?

சர்வர் மொத்தமா நின்னுபோனா காரணத்தைச் சீக்கிரம் பிடிச்சிடலாம். சில மெயில் போகுது, சில மெயில் போகலைன்னா அதுதான் தலைவலி.

நான் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்ட்ல விண்ணப்பம் போட அன்னைக்குக் கடைசி நாள். பாஸ்வேர்ட் மாத்த லிங்க் கேட்டவங்கள்ல பாதிப் பேருக்கு மெயில் வரலை. ஆப் மட்டும் ‘அனுப்பியாச்சு’ன்னு பச்சைக் கலர்ல காட்டுது. என் ஆபீஸ் மெயிலுக்கு டெஸ்ட் பண்ணா ஒவ்வொரு தடவையும் வருது. ‘ஸ்பாம் ஃபோல்டரைப் பாருங்க’ன்னு எல்லாருக்கும் பதில் சொல்லிட்டு இருந்தோம். தப்பு எங்க பக்கம்தான்.

முதல்ல பார்க்க வேண்டியது மெயில் சர்வர் சொல்ற பதில் எண். 4-ல ஆரம்பிச்சா ‘இப்ப முடியாது, அப்புறம் வா’ன்னு அர்த்தம். 5-ல ஆரம்பிச்சா ‘இதை இப்படியே திரும்பக் கொண்டு வராதே’. எண்ணே வராம டைம்அவுட் ஆனா ஃபயர்வால், டிஎன்எஸ் பக்கம் தேடணும்.

எங்க கோடு அந்த எண்ணை லாக்ல எழுதாம முழுங்கிடுச்சு. மெயில் சர்வர் லாக்ல கிடைச்சது 554, ‘ரிலே அக்சஸ் டினைட்’. தோத்த மெயில்களை நேரம், அனுப்பின ஐபி, போக வேண்டிய முகவரின்னு வரிசையா போட்டோம். எல்லாமே ஒரே ஐபி-ல இருந்து வந்தது.

எங்க ஆப் வெளியே போக ரெண்டு ஐபி. ரெண்டாவது புதுசு. போஸ்ட்ஃபிக்ஸ்ல ‘மைநெட்வொர்க்ஸ்’னு ஒரு பட்டியல் உண்டு. அதுல இருக்கிற ஐபி லாகின் இல்லாமலே வெளி முகவரிக்கு அனுப்பலாம். புது ஐபியை யாரும் அதுல சேர்க்கலை. என் டெஸ்ட் மட்டும் ஏன் ஜெயிச்சது? ஆபீஸ் மெயில் அதே சர்வர்ல இருக்கு. சொந்த டொமைனுக்கு வர்ற மெயிலுக்கு ரிலே அனுமதியே தேவையில்லை. அதனால டெஸ்ட் எப்பவும் வெளி முகவரிக்குப் பண்ணுங்க.

ஐபியைச் சேர்த்ததும் சரியாச்சு. ஆனா 587 போர்ட்ல யூசர்நேம், பாஸ்வேர்டோட அனுப்புறதுதான் நல்ல வழி. ஐபி மாறினாலும் கவலை இல்லை.

‘ரீட்ரை போட்டா போதுமே’ன்னு கேட்பீங்க. 4-க்கு அது சரி. ஆனா ஆர்எஃப்சி 5321 பொதுவா 30 நிமிஷமாவது இடைவெளி விடச் சொல்லுது. 10 நிமிஷத்துல காலாவதியாகிற லிங்க்குக்கு அது உதவாது.

மெயிலை முழுசா கொடுத்து 250 வந்த பிறகுதான் ‘அனுப்பியாச்சு’ன்னு காட்டுங்க. வரலைன்னா யூசர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க, உங்களுக்கும் ஒரு அலர்ட் வரட்டும். நாங்க காரணத்தைக் கண்டுபிடிச்சப்போ ராத்திரி மணி 11. அந்தப் பச்சைக் கலர் பொய் சொல்லாம இருந்திருந்தா, அவங்க காலையிலேயே போன் பண்ணிக் கேட்டிருப்பாங்க.